வாங்க என்று சொல்லாத கடை

எங்கள் கடைக்கு வருகிற யாரையும் அப்பா "வாங்க" என்று கூப்பிட்டதில்லை. வந்தவர்களும் போகும்போது "போயிட்டு வாரேன்" என்று சொல்வதில்லை. சவப்பெட்டி வாங்க வந்த இடத்தில் அப்படிச் சொன்னால் மறுபடியும் வரவேண்டியதாகிவிடும் என்று ஒரு பயம். தலையை ஆட்டுவார்கள், பெட்டியை லாரியில் ஏற்றுவார்கள், திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். அப்பாவும் தலையை ஆட்டிவிட்டு, பின்கட்டுக்குப் போய்க் கை கழுவுவார்.

நாங்கள் மலேசியாக்காரர்கள். அப்பா சவரிநாதன் முதலில் கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் தச்சராக இருந்தார். அங்கே யார் இறந்தாலும் நிர்வாகம் பலகை கொடுக்கும், அப்பா பெட்டி செய்வார். எழுபதுகளில் தோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் ஒரு கடைவீட்டை வாடகைக்கு எடுத்தோம். முன்னால் அலமாரியும் மேசையும். பின்னால், தடுப்புக்கு அந்தப் பக்கம், பெட்டிகள். எங்களுக்குச் சோறு போட்டது பின்னால் இருந்ததுதான். முன்னால் இருந்த அலமாரிகளைத் தூசு தட்டியே என் கை தேய்ந்துபோனது.

பெட்டி வேலையில் பாதி என்னுடையது. உள்ளே வைக்கிற வெள்ளைச் சாட்டின் துணியை மடிப்பு மடிப்பாகச் சுருக்கி ஆணி அடிப்பேன். சிலுவையில் பெயரும் தேதியும் எழுதுவேன். என் எழுத்து நன்றாக இருக்கும். பீற்றிக்கொள்ளவில்லை, கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். செத்தவர்களுக்கெல்லாம் பெயர் எழுதிக் கொடுத்த எனக்கு, எங்கள் கடைக்கு ஒரு போர்டு எழுத மட்டும் அனுமதி இல்லை.

"ஒரு சின்னப் போர்டுப்பா. தேடி வர்றவங்களுக்குத் தெரியணும்ல?" என்று கேட்டால் அப்பாவுக்கு முகம் கறுத்துவிடும்.

"போர்டுன்னா என்னம்மா அர்த்தம்? வாங்க, வாங்கன்னு கூப்பிடுறது. டீக்கடைக்காரன் கூப்பிடலாம். நான் கூப்பிட்டா? எவன் வீட்டுல எழவு விழும்னு வாயைத் தொறந்துக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம்."

ஒரே நாளில் இரண்டு பெட்டி போய்விட்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். ஏதோ அவரே போய் அந்த ஆட்களைச் சாகடித்துவிட்டு வந்ததுபோல உட்கார்ந்திருப்பார். எனக்கு எரிச்சலாக வரும். டாக்டர் போர்டு மாட்டவில்லையா? காய்ச்சல் வரட்டும் என்றா அவர் வேண்டிக்கொள்கிறார்?

எண்பத்திரண்டில் எனக்கு ஒரு வரன் வந்தது. தாப்பாவில் இருக்கும் குடும்பம். மாப்பிள்ளை மத்தியாஸ் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கோயில் உபதேசியார் பேசி முடித்துவிட்டு வந்து, "பொண்ணு வீட்டுக்கு ஃபர்னிச்சர் தொழில்னு சொல்லியிருக்கேன். அவ்வளவு போதும்" என்றார். அம்மா நவமணிக்கு அது தேனாக இனித்தது.

"பொய் ஒண்ணும் இல்லையே. மர வேலைதானே? சூசையப்பரே தச்சர்தான்" என்றாள் அம்மா.

"சூசையப்பர் பெட்டி செஞ்சதா எந்தப் பூசையிலும் வாசிக்கலையேம்மா."

"வாயை மூடுடி. இந்த வாயோட போனா ஒரு வாரத்துல திருப்பி அனுப்பிருவாங்க."

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். அம்மா காலையிலேயே பெட்டிகளின்மேல் கன்வாஸைப் போட்டு மூடி, அதன்மேல் பழைய பாய்களை அடுக்கி, வார்னிஷ் வாடை போக வீடெல்லாம் ஓடிகொலோன் தெளித்திருந்தாள். அப்பா நீளக் கைச் சட்டையில் யாரோ மாதிரி இருந்தார். மத்தியாஸின் அம்மா பியாட்ரிஸ் ஆன்ட்டி அலமாரியைத் தொட்டுப் பார்த்து, "நல்ல வேலைப்பாடு" என்றார். மத்தியாஸ் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிடித்துப்போயிற்று என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

நான் காப்பித் தட்டை நீட்டிக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் அந்த ஆள் வந்து நின்றார். வயதானவர். செருப்பெல்லாம் செம்மண். கண் சிவந்திருந்தது. உள்ளே காலை வைக்காமல் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஐயா, இந்தப் பக்கம் பெட்டி செய்ற தச்சர் ஒருத்தர் இருக்காருன்னு சொன்னாங்க. போர்டு ஒண்ணையும் காணோம். காலையிலேர்ந்து சுத்துறேன்."

"என்ன பெட்டி?" என்று பியாட்ரிஸ் ஆன்ட்டி நிமிர்ந்தார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்து, "இங்க அப்படி யாரும் இல்லைங்க. இது அலமாரிக் கடை" என்றார்.

அந்த ஆள் அப்பாவையும் அவர் விரல்களையும் பார்த்தார். அப்புறம் உள்ளே உட்கார்ந்திருந்தவர்களையும், பட்டுச் சேலையில் நின்ற என்னையும் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

நான் என்ன செய்தேன்? தட்டைக் கீழே போட்டேனா? ஒரு சொட்டுக் காப்பி சிந்தவில்லை. "சர்க்கரை போதுமா ஆன்ட்டி?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கேட்டேன், அதுதான் இன்னும் என்னைச் சுடுகிறது.

அவர்கள் கார் கிளம்பியதும் அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். புந்தோங்கில் சந்து சந்தாகத் தேடினார். பஸ் நிலையம்வரை போனார். இருட்டும்போது திரும்பி வந்து, "ஆளைக் காணோம்" என்று மட்டும் சொன்னார். அம்மா, "சீனன் கடையில வாங்கியிருப்பாங்க, விடுங்க" என்றாள். அதை நம்பிக்கொள்வது எங்கள் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. நம்பிக்கொண்டோம்.

கொஞ்ச நாள் கழித்துச் சீனி அண்ணன் லாரியில் மெராந்திப் பலகை கொண்டு வந்தார். கோப்பெங்கில் இருப்பவர், வாய் ஓயாது. பலகையை இறக்கிக்கொண்டே பேசினார்.

"நம்ம பக்கத்துத் தோட்டத்துல ஒரு சாவுண்ணே. செல்லாயி அக்கா. பாவம், அதோட புருஷன் பத்துமலை பெட்டிக்கு ஈப்போ பூரா சுத்தியிருக்காரு. சீனன் கடைப் பெட்டியெல்லாம் வெல கேக்கவே முடியலையாம். கடைசியில மளிகைக் கடையில பால்டின் அடுக்கி வந்த பெட்டிப் பலகைய வாங்கி, ஆளுங்களே ஆணி அடிச்சாங்க. அளவு தெரிஞ்ச ஆளு யாரு இருக்கா அங்க? நீளம் பத்தலை. அக்கா நல்ல உயரம்ல? கால மடக்கித்தான் வச்சாங்கண்ணே. எனக்குப் பாக்கவே முடியலை. நான் லூமுட்டுக்கு லோடு அடிக்கப் போயிட்டு நேரா அடக்கத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். ஊருல இருந்திருந்தா உங்ககிட்ட கூட்டியாந்திருப்பேன். ஒரு போர்டு மாட்டி வச்சா உங்க மானம் கப்பலேறிருமா? சூசா லா அண்ணே உங்களோட, ரொம்பக் கஷ்டம்."

அப்பா தோளில் இருந்த பலகையைக் கீழே வைத்தார். "என்னைக்கு?" என்றார்.

"ஞாயித்துக்கிழமை. நம்ம எல்ஸியப் பாக்க வந்தாங்கன்னு சொன்னீங்களே, அன்னைக்குத்தான்."

சீனி அண்ணன் போன பிறகும் அப்பா பலகைகளுக்குப் பக்கத்திலேயே நின்றார். வாழ்நாளெல்லாம் யாரும் இடிபடாமல் படுக்கும்படி பெட்டி செய்தவர். உயரம் தெரியாவிட்டால் ஒரு சாண் கூடவே வைப்பார். "கடைசிப் படுக்கை, நீட்டிப் படுக்கட்டும்" என்பார். அன்றிலிருந்து அவர் காலை நீட்டிப் படுக்கவில்லை. நான் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பி, முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி படுப்பார்.

கோயிலில் நற்கருணை வாங்க எழுந்து போவதையும் நிறுத்திவிட்டார். எல்லோரும் வரிசையில் போக, அவர் மட்டும் பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். அம்மாவுக்கு மானம் போயிற்று.

"சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாங்களேன். ஊரே பாக்குது."

"நான் சாமியாரையா வாசல்லேர்ந்து அனுப்பினேன்?" என்றார் அப்பா.

நல்ல கேள்விதான். ஆனால் கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அவரைப் பார்க்கும்போதெல்லாம், இது எனக்காகச் சொன்ன பொய் என்று நெஞ்சு குத்தியது. நான் கேட்டேனா, எனக்காகப் பொய் சொல்லுங்கள் என்று? கேட்கவில்லை. ஆனால் அந்தப் பொய்யைத் தட்டில் வைத்துக் காப்பியோடு நீட்டியவள் நான்தானே? ஒருநாள் காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு, "கோப்பெங் போலாம், எழுந்திரிங்கப்பா" என்றேன். மறுபேச்சு இல்லாமல் எழுந்து வந்தார்.

பஸ்ஸை விட்டு இறங்கி ரப்பர் காட்டுக்குள் நடந்தோம். பாதி மரங்களைச் சாய்த்திருந்தார்கள். லயத்து வரிசை வீடுகள் பல பூட்டிக் கிடந்தன. பத்துமலை வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துகொண்டார். எழுந்து தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நான் பயந்தேன். திட்டுவார், அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

அவர் என்னைப் பார்த்து, "பொண்ணுக்கு நிச்சயமாயிருச்சுங்களா?" என்றார்.

"இன்னும் இல்லைங்க" என்றேன்.

"அன்னைக்கு உங்க வீட்டுல நல்ல காரியம் நடக்குறது தெரியாம வந்து நின்னுட்டேன். எழவுச் சேதியோட வந்து நின்னது மனசுக்குச் சங்கடமாவே இருந்துச்சு. என்னால அந்தப் பிள்ளைக்குத் தட்டிப் போயிருக்குமோன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

அப்பா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "நாந்தாங்க அந்தத் தச்சன். இல்லைன்னு சொன்னேனே, நாந்தான். உள்ள பெட்டி இருந்துச்சு."

"தெரியுங்க" என்றார் பத்துமலை. "வெரலெல்லாம் வார்னிஷ் கறை. பார்த்ததுமே தெரிஞ்சுது. பொண்ணு பாக்குற வீட்டுல எப்படிங்க நின்னு கேக்குறது? அதான் வந்துட்டேன். ஒரு போர்டு இருந்திருந்தா காலையிலயே வந்திருப்பேன். அவங்க வர்றதுக்கு முன்னால வாங்கிக்கிட்டுப் போயிருப்பேன். உங்களுக்கும் சங்கடம் இல்ல, எங்களுக்கும் இல்ல."

அவர் திட்டியிருக்கலாம். பாவி மனுஷன், ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அப்பா அழுதுகொண்டே, "என்னை மன்னிக்காதீங்க" என்றார். பத்துமலை உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சாவு நடந்த வீடு, அதனால் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தோம்.

ஈப்போவில் இறங்கியதும் அப்பா நேராக ஒரு கடைக்குப் போய்க் கறுப்புப் பெயிண்டும் வெள்ளைப் பெயிண்டும் வாங்கினார். வீட்டுக்கு வந்து நல்ல மெராந்திப் பலகை ஒன்றை எடுத்து இழைத்து, என் முன்னால் வைத்தார்.

"எழுது" என்றார்.

நான் எழுதினேன். முனிசிபாலிட்டிக்காரன் வந்து சத்தம் போடாமல் இருக்க மேலே பெரிதாக மலாய். எதிர்வீட்டு டெய்லர் தாளில் வரைந்து கொடுத்த சீன எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துக் கீழே எழுதினேன். நடுவில் தமிழில் 'சவப்பெட்டி செய்பவர், தச்சர் சவரிநாதன்' என்று எழுதியதும் அப்பா, "என் பேரு எதுக்கும்மா?" என்றார்.

"பேரு இல்லாட்டி எப்படிப்பா தேடுவாங்க?"

அவர் தம் பெயரையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் வாசலில் ஆணி அடித்து மாட்டினோம். பக்கத்துக் கடைக்காரி எங்களுக்குக் கேட்கும்படியாகவே, "காலங்காத்தால எதுல முழிக்க வேண்டியிருக்கு பாரு" என்றாள். அப்பா கூசிப்போய் உள்ளே போய்விட்டார். ஆனால் கழற்றவில்லை. செமோர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் அந்தப் போர்டைப் பார்த்துத்தான் வந்து சேர்ந்தது. அன்றைக்கு அது இரண்டாவது பெட்டி, ஆனாலும் அப்பா சோற்றைத் தள்ளி வைக்கவில்லை.

அப்புறம் தாப்பாவிலிருந்து சேதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணத் தேதி பேச வருகிறார்களாம்.

அம்மா அப்பாவின் காலில் விழாத குறைதான். "ஒரு நாளுங்க. ஒரே ஒரு நாளு கழட்டி வைங்க. மூணு முடிச்சு விழுந்த பிறகு என்ன வேணா மாட்டிக்கங்க. ஒத்தப் பிள்ளைங்க."

அப்பா அசையமாட்டார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசையிலிருந்து வந்து பார்த்தால், போர்டு தடுப்புக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. அதன்மேல் பாய் போர்த்தியிருந்தது.

"ஒரு நாள்தான்மா" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

"அன்னைக்கும் ஒரு நாள்தாம்பா."

அதற்குமேல் பேச நேரமில்லை, கார் வந்துவிட்டது. மறுபடியும் ஓடிகொலோன். மறுபடியும் பட்டுச் சேலை. மறுபடியும் என் கையில் காப்பித் தட்டு. பியாட்ரிஸ் ஆன்ட்டி காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு கல்யாணம் வைக்காத தவக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியாஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டும்போல இருந்தது. சத்தியமாக வேண்டும்போல இருந்தது. ஆனால் தடுப்புக்கு அந்தப் பக்கம் செல்லாயி முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்திருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

தட்டை மேசையில் வைத்தேன். உள்ளே போய்ப் பாயை இழுத்துப் போட்டுவிட்டு, போர்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அம்மா, "அடியே!" என்று அலறினாள். பியாட்ரிஸ் ஆன்ட்டி எழுந்துவிட்டார்.

"இது என்னம்மா?"

"எங்க கடைப் போர்டு ஆன்ட்டி. காலையில மாட்டியிருக்கணும், லேட்டாயிருச்சு." போர்டைக் கீழே வைக்கவில்லை. "போன தடவை நீங்க இங்க காப்பி குடிக்கும்போது வாசல்ல ஒரு பெரியவர் வந்து பெட்டி கேட்டாரே, ஞாபகம் இருக்கா? அவர் பொண்டாட்டி செத்துப் போயிருந்தாங்க. உள்ள பெட்டி இருந்துச்சு. நீங்க இருந்ததால நாங்க இல்லைன்னு சொல்லிட்டோம். அந்தம்மாவக் கால மடக்கிப் பொதைச்சாங்க. நான் இங்க நின்னு உங்களுக்குச் சர்க்கரை போதுமான்னு கேட்டேன்."

பியாட்ரிஸ் ஆன்ட்டி அப்பாவிடம், "ஃபர்னிச்சர்னுதானே சொன்னீங்க?" என்றார்.

அப்பா எழுந்தார். ஒரு நொடி அவர் அம்மாவைப் பார்த்தார். மறுபடியும் இல்லை என்று சொல்லிவிடுவாரோ?

"பொய் சொன்னேம்மா" என்றார். "நான் பெட்டி செய்றவன். இந்தப் பிள்ளை வளர்ந்ததே அந்தக் காசுலதான். பேரு எழுதுறது, துணி தைக்கிறது எல்லாம் அவதான். மறைச்சது என் தப்பு, அவ தப்பு இல்ல." பிறகு என் பக்கம் திரும்பி, "ஸ்டூலப் போடு. அது ஆடும், நான் பிடிச்சுக்கிறேன்" என்றார்.

பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். அப்பா கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். நான் போர்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே பியாட்ரிஸ் ஆன்ட்டியும் அவர் கணவரும் எங்களைத் தாண்டிக் காருக்குப் போனார்கள். ஆன்ட்டி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். சொல்லிக்கொள்ளவில்லை. எங்கள் கடையிலிருந்து எல்லோரும் போவதுபோலத்தான், திரும்பிப் பார்க்காமல் போனார்கள். உள்ளே அம்மா அழ ஆரம்பித்தாள். அம்மாவின் அழுகை என் முதுகில் விழுந்துகொண்டே இருந்தது. பெற்றவளை இப்படி அழவைத்துவிட்டேனே என்று இருந்தது. ஆனாலும் இறங்கவில்லை.

மத்தியாஸ் மட்டும் வாசலில் நின்றார். போர்டை அண்ணாந்து படித்தார்.

"நீங்க எழுதினதா?"

"ஆமா."

"அந்தம்மா பேரு என்ன?"

"செல்லாயி."

காரில் ஹாரன் அடித்தார்கள். அவர் இரண்டடி போய்த் திரும்பினார். "அம்மாவுக்குக் கொஞ்ச நாளாகும்லா. நான் பேசுறேன்." பிறகு என்னைப் பார்த்தும் அப்பாவைப் பார்த்தும், "போயிட்டு வாரேன்" என்றார்.

எங்கள் கடை வாசலில் அதுவரை ஒருவர் வாயிலிருந்தும் வராத வார்த்தை. அப்பா பதறிப்போனார்.

"தம்பி, இங்க அப்படிச் சொல்லக் கூடா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். தலைக்குமேல் இருந்த தம் பெயரைப் பார்த்தார்.

"வாங்க" என்றார். "போயிட்டு வாங்க."

கார் திரும்பிய பிறகும் அவர் அந்த வார்த்தையையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "வாங்கன்னு கூப்பிட்டிருக்கலாம்ல எல்ஸி? உள்ள வாங்கன்னு அந்த மனுஷனை ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம்ல?" என்று கேட்டு, ஸ்டூல் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் ஆணியைப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றேன்.